இங்ஙனம் நண்பர்கள் நால்வர்

வேலூர் லாங் பஜாரில் ஜவுளிக்கடைகள் முடிந்து பாத்திரக்கடைகள் தொடங்குகிற இடத்தில், ஒரு மாடியில், அப்துல் ஹமீதின் கல்லச்சுக்கூடம் இருந்தது. பலகையில் அச்சுக்கூடம் என்று எழுதியிருந்தார்களே ஒழிய, அங்கே நடந்த தொழிலுக்கு அந்த நாளில் சரியான பெயர் கிடையாது. ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் கப்பலுக்குப் போகிற தோல்கட்டுகளுக்கு மார்க்கா, அதாவது வியாபாரச் சின்னம், போட்டுத் தருவார்கள். பீடிக்கு லேபிள், பல்பொடிக்கு நோட்டீஸ், நாடகத்துக்குச் சுவரொட்டி, கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, சாவுக்கு இரங்கற்பா. மொத்தத்தில், சும்மா கிடக்கிற சரக்குக்கு முகமும் வாயும் வைத்துச் சந்தைக்கு அனுப்புகிற வேலை.

முகம் வைப்பவன் ஆரோக்கியசாமி. மானோ கப்பலோ இரட்டை யானையோ, எது கேட்டாலும் கல்லின்மேல் இடவலம் மாற்றி வரைந்து தருவான். வரைந்து முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டான். முடித்த பிறகும் அப்படித்தான். ஹமீத் பாய் முதலாளி. உருது எழுத்தெல்லாம் அவர் கை. வாய் வைக்கிறவர் ஆதிகேசவன். நாற்பதை நெருங்கியவர், மெலிந்த ஆள், கிராப்பு வைத்த தலையில் பாதிக்குமேல் வழுக்கை. அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவர் எழுதிய பல்பொடி நோட்டீஸைப் படித்தால் பல் இல்லாதவனும் ஒரு டப்பா வாங்குவான். அவர் துலக்குவது வேப்பங்குச்சியில். நோட்டீஸின் அடியில் நற்சாட்சி என்று இரண்டு பேர் எழுதுவார்களே, 'இந்தப் பொடியால் என் ஈறுவலி பறந்தது' என்று, அந்த இரண்டு பேரையும் அவரே பெற்று வளர்த்தார். ஒருவர் வாலாஜா கனகசபை. மற்றவர் சோளிங்கர் சுந்தரமூர்த்தி. பல்பொடிக்கும் இவர்கள்தான், தலைவலித் தைலத்துக்கும் இவர்கள்தான். கனகசபைக்கு மூன்று பெண்கள் என்பதும், சுந்தரமூர்த்தி கொஞ்சம் முன்கோபி என்பதும் ஆதிகேசவனுக்குத் தெரியும். இது எந்த நோட்டீஸிலும் வராத விஷயம். வேலூர் சைதாப்பேட்டையில் அவர் குடியிருந்த ஒற்றை அறையில் சாயங்காலங்கள் நீளமானவை, அதனால் அவர்களைப் பற்றி நினைக்க நிறைய நேரம் இருந்தது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு இடம் கூடி வந்தது. பெண்ணின் அப்பா அச்சுக்கூடத்துக்கே வந்து ஒரு மணிநேரம் உட்கார்ந்து, அவர் தைலத்துக்கு நோட்டீஸ் எழுதுவதைப் பார்த்துவிட்டு, 'இந்த ஆள் வாயில் நிஜம் வருமா' என்று யோசித்துக்கொண்டே படி இறங்கிப் போனார். போனவர் போனவர்தான். பெற்றவர்கள் காலமானார்கள், கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதியவர், ஒரு பந்தலிலும் இலைமுன் உட்கார்ந்ததில்லை. அவர் யார் வீட்டிலும் சாப்பிடுகிற ஆள். ஜாதி, மதம் என்று எதையும் பார்க்கமாட்டார். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழிலோ இருபத்தெட்டிலோ, ஒரு மாசி மாதத்தில், ஆம்பூர்த் தோல் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிற தேவானந்தம் என்பவன் மாடியேறி வந்தான். சுத்தமாக வெளுத்த கோட்டு. அதையும் மீறித் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாசனை அடித்தது. அந்தத் தொழிலில் இருப்பவர்களை அது விடாது.

"வாழ்த்துப்பா ஒண்ணு அடிக்கணும் சார்" என்றான்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

ஆதிகேசவன் பேனாவைக் கீழே வைத்தார். வாழ்த்துப்பா என்பது நண்பர்கள் சேர்ந்து அடித்துக்கொடுக்கிற சமாசாரம். சுற்றிலும் கிளியும் கொடியும் போட்டு, நடுவில் பாட்டு, அடியில் 'இங்ஙனம்' என்று நண்பர்கள் பெயர். பந்தலில் அந்த நண்பர்களில் ஒருவர் எழுந்து அதைச் சத்தமாக வாசிக்கவேண்டும். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கேட்கவேண்டும். மாப்பிள்ளையே வந்து தனக்கு வாழ்த்து அடிக்கச் சொன்னது அந்தக் கூடத்தில் அதுதான் முதல் தடவை.

தேவானந்தம் ஒளிக்காமல் சொன்னான். கைக்குழந்தையாக மிஷன் விடுதியில் விடப்பட்டவன். கூட வளர்ந்த பையன்கள் நாலா திசையிலும் போய்விட்டார்கள். பெண் பொன்மலர், ஆம்பூர் சாமுவேல் உபாத்தியாயரின் மகள். பெண் வீட்டில் ஜனக்கட்டு பெரிது. மூன்று வாழ்த்தாவது வாசிப்பார்கள். "எங்க பக்கத்துல வாசிக்க ஒண்ணுமில்லன்னா, அத்தன பேருக்கு முன்னால..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "பேரு ஏதாவது நீங்களே போட்டுடுங்க சார். நண்பர்கள்னு மட்டும் போட்டா யாருன்னு கேப்பாங்க."

பெயர் நிரப்புவது அந்தக் கடையில் புதிதல்ல. கனகசபையும் சுந்தரமூர்த்தியும் எதற்கு இருக்கிறார்கள். அவர்களை எழுதிவிட்டு, ஆரோக்கியசாமியைக் கேட்டார். அவன் கல்லைவிட்டுத் தலையைத் தூக்காமலே சரி என்றான். மூன்று பெயர் ஆயிற்று. நான்காவது இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ஆதிகேசவன் என்று எழுதினார். ஆயிரக்கணக்கான நோட்டீஸ் எழுதியவர், தன் பெயரை அச்சுக்குக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

"வாசிக்க ஆள் வேணுமே" என்றார், தேவானந்தத்தைப் பார்க்காமல். "நான் வர்றேன்."

ஹமீத் பாய்க்கு இது பிடிக்கவில்லை. "நோட்டீஸ் எழுதறதோட நம்ம ஜோலி முடிஞ்சுது ஆதி. சரக்கு கூடவே சந்தைக்குப் போவாங்களா யாராவது?" என்றார். ஆதிகேசவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சலவைக்குப் போட்டிருந்த வேட்டியை அன்று மாலையே போய் வாங்கிவந்தார்.

கிறிஸ்தவக் கோயிலில், மந்திரம் இல்லாத கல்யாணம் அவருக்குப் புதிது. ஆனால் பந்தல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பெண் வீட்டார் மூன்று வாழ்த்து வாசித்தார்கள். மூன்றும் சுமார்தான் என்று அவருக்குப் பட்டது. அந்த வித்வத் கர்வம் அவருக்கு உண்டு. பிறகு மாப்பிள்ளை பக்கம் என்று குரல் வந்ததும் எழுந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஆளாக நின்று அவர் வாசித்ததைப் பார்த்திருக்கவேண்டும். நாலு பேருக்கு உள்ள சந்தோஷத்தை ஒரே தொண்டையில் போட்டு வாசித்தார். பெண்கள் பக்கம் பேச்சு நின்றுபோயிற்று. தேவானந்தம் நிஜமாகவே தலையைக் குனிந்துகொண்டான்.

அதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் சாமுவேல் உபாத்தியாயர் பக்கத்தில் வந்து நின்று, "மாப்பிள்ளைய உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று அன்பாகக் கேட்டார். வேலூரில் பழக்கம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் உபாத்தியாயர் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. தாய் தகப்பன் தெரியாத பையனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறோமே என்கிற சந்தேகம். சந்தேகத்தோடு கடைமுன் நிற்கிற வாடிக்கைக்காரனை ஆதிகேசவனால் சும்மா அனுப்ப முடியாது. பல்பொடிக்குச் செய்வதை அவர் மனிதனுக்குச் செய்துவிட்டார்.

"பாலாத்துல என்னை உயிரோட தூக்கினவன் சார் இவன்" என்றார்.

"பாலாத்துலயா?" என்று பந்தியில் யாரோ சிரித்தார்கள். மணலைத் தவிர வேறெதுவும் கண்டிராத ஆறு.

"அந்த வருஷம் வெள்ளம் வந்துச்சே, கரையெல்லாம் ஒடச்சிக்கினு. மூட்டையோட அடிச்சிக்கினு போய்ட்டேன். இவனுக்குப் பதினாறு வயசு இருக்கும், விடுதியில இருந்து பாத்துட்டு குதிச்சான். குடுமியப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டான். அப்ப எனக்குக் குடுமி இருந்துச்சு" என்று வழுக்கையைத் தடவிக்காட்டினார். பந்தி முழுக்கச் சிரித்தது. சிரித்தபிறகு ஒரு கதையை நம்பாமல் இருப்பது கஷ்டம். மணப்பெண் நிமிர்ந்து தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஆதிகேசவனும் கண்டார். தன் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

வீடு திரும்பி அவர் காத்திருந்தார். எதற்கென்று அவரே ஒத்துக்கொள்ளமாட்டார். ஆம்பூர் வேலை என்றால் முன்பெல்லாம் ஆரோக்கியசாமிதான் மாதிரி எடுத்துக்கொண்டு போவான். இப்போது, "நீ வரையிற வேலையப் பாரு, நான் போய்ட்டு வர்றேன்" என்று இவரே காட்பாடியில் ரயிலேறினார். கிடங்கில் மார்க்காவைக் காட்டிவிட்டு, அந்த வழியாக வந்தேன் என்று தேவானந்தத்தின் வீட்டு வாசலில் நின்றார். அந்த வழியாக எங்குமே போகமுடியாது; அது முட்டுச்சந்து.

"வாங்கண்ணா, உள்ள வாங்க" என்றாள் பொன்மலர்.

அந்த மூன்று வார்த்தைக்காக மனுஷன் வெயிலில் அவ்வளவு தூரம் வந்தார். சோறு போட்டாள். குழம்பு உறைப்பு ஜாஸ்தியா என்று கேட்டாள். கனகசபை அண்ணன் எப்படி இருக்கிறார், சுந்தரமூர்த்தி அண்ணன் ஏன் வரவில்லை என்று விசாரித்தாள். கனகசபையின் மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றார் ஆதிகேசவன். அவளுக்கு அதில் உண்மையான அக்கறை இருந்தது. தன் அறையில் தனியாக இத்தனை வருஷம் வைத்திருந்த மனிதர்களைப் பற்றி இன்னொருவர் கேட்டதும், சுந்தரமூர்த்தியின் முன்கோபத்தையும் சேர்த்துச் சொன்னார். மாதம் ஒருமுறை என்றிருந்தது, பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று ஆயிற்று.

தேவானந்தம் மரியாதையில் குறை வைக்கவில்லை. நாற்காலி போடுவான். கைகழுவத் தண்ணீர் எடுத்து வைப்பான். ஆனால் அவர் வந்திருக்கும்போதெல்லாம் சோற்றைக் குனிந்தே தின்பான். கூச்ச சுபாவம் என்று ஆதிகேசவன் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆசை.

அடுத்த வருஷம் ஆடி கழிந்து ஒருநாள் அவர் போனபோது பொன்மலர் மடியில் கைக்குழந்தையும் முகத்தில் கவலையுமாக இருந்தாள். தேவானந்தம் உள்ளே போர்த்துப் படுத்திருந்தான்.

"பக்கத்து வீட்டு சுகரா பேகம் குடம் கெணத்துல உழுந்துடுச்சிண்ணா. சீர் குடம், பாவம் அழுதுது. நான்தான், இவங்க பாலாத்து வெள்ளத்துலயே நீந்துனவங்க, எடுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னேன். தெருவே வந்து கெணத்தச் சுத்தி நின்னுது. இவங்க கெணத்துக்கிட்ட வரைக்கும் வந்தாங்க. வந்து, எட்டிப் பாத்துட்டு, அப்படியே உக்காந்துட்டாங்க. ஒடம்பெல்லாம் நடுங்குது. அன்னியில இருந்து ஜுரம்னு படுத்திருக்காங்க, தொட்டுப் பாத்தா சூடே இல்ல. நீங்க சொல்லுங்கண்ணா, அன்னிக்கு ஆத்துல ஏதாவது பாத்து பயந்தாங்களா?"

ஆதிகேசவன் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்தார்.

சாயங்காலம் தேவானந்தம் எழுந்து, தெருமுனை வரை வருகிறேன் என்று கூடவே நடந்தான். தோல் காயப்போட்ட மைதானத்தைத் தாண்டியதும் சொன்னான்.

"எனக்கு நீந்தத் தெரியாது சார்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் ஆதிகேசவன்.

"அவ அந்தக் கதைய எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. கோயில்ல சொல்லிட்டா. நாளைக்குப் புள்ளைக்கும் சொல்லுவா. நீங்க வர்ற ஒவ்வொரு வாட்டியும் புதுசா ஒண்ணு கேட்டு வச்சிக்கிறா. தண்ணி எவ்ளோ ஆழம், நீங்க இன்னா சொன்னீங்க, நான் இன்னா சொன்னேன். அப்புறம் என்னைப் பாக்கறா பாருங்க... அந்த ஆளு நான் இல்ல சார். நெஜத்த சொல்லிடலாம்னா, கல்யாணத்தன்னிக்கே பொய் சொல்லி கட்டிக்கிட்டான்னு ஆயிடும். யாருமில்லாதவன்னு தெரிஞ்சா கூட பரவால்ல. யாருமில்லாததுக்கு ஆள் வச்சிக்கினான்னு தெரியக்கூடாது." கொஞ்ச தூரம் போய்ச் சொன்னான்: "உங்கள வராதீங்கன்னு சொல்லல. நீங்க நல்லவரு."

வராதே என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது போயிருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க ஆதிகேசவன் ஒரு வரி உருப்படியாக எழுதவில்லை. ஊர் முழுக்கப் போன நோட்டீஸைத் திரும்பப் பொறுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன. சும்மா போகாமல் இருந்துவிடலாம் என்றால், பொன்மலர் விடமாட்டாள்; அண்ணனைக் காணோமே, போய்ப் பார்த்துட்டு வாங்க என்று புருஷனைத் துரத்துவாள். அவர் இந்தப் பக்கம் இருக்கிறவரைக்கும் அவள் கேட்பாள். அவள் கேட்கிறவரைக்கும் அந்த வீட்டில் பாலாறு வற்றாது. இவ்வளவையும் அவர் முதல் நாளே யோசித்து முடித்துவிட்டார். மற்ற நாளெல்லாம், வேறு வழி ஏதாவது தென்படாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டை விட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்குப் போனார். பெட்டிக்குள் ஒன்றுமில்லை.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேம்மா. ரங்கூன்ல ஒரு அச்சாபீஸ்ல வேல கெடச்சிருக்கு. பெரிய கம்பெனி. நாளைக்குக் கப்பல். திரும்பி வர்றது எப்படியோ தெரியல. போனவங்க யாரும் வர்றதில்ல."

பொன்மலர் கேட்டதை நம்பாதவள் போல நின்றாள். தேவானந்தம் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்த வீட்டில் அவன் அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை.

"இவன் கெணத்துல குதிக்கலன்னு கொற பட்டியாமே" என்று ஆதிகேசவன் தொடர்ந்தார். "நாந்தான் சத்தியம் வாங்கினேன்மா. அன்னிக்குக் கரையில போட்டதும் ரத்தமா கக்கினான். இனிமே தண்ணியில எறங்கமாட்டேன்னு என் தலையில அடிச்சி சத்தியம் பண்ண வச்சேன். நடுங்கினது பயத்துல இல்ல, சத்தியத்த மீற முடியலயேன்னு. இனி நீ கேக்காத. கேட்டா அவனுக்கு அந்த நாள் ஞாபகம் வரும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல" என்று மட்டும் சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடல் பயணம் என்றால் சும்மா அனுப்பமுடியுமா. புளிச்சோறு கிளறினாள். எலுமிச்சை ஊறுகாயும் அதிரசமும் வைத்து வாழையிலையில் கட்டி, அதற்குமேல் துணியில் இறுக்கி முடிந்தாள். கப்பலில் காற்று ஒத்துக்கொள்ளாது, காதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். முழங்கால் போட்டு அவருக்காக ஜெபம் செய்தாள். கண்ணை மூடவா திறக்கவா என்று தெரியாமல் ஆதிகேசவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்டேஷனுக்குத் தேவானந்தம் வந்தான். காலிப் பெட்டியை அவனே வாங்கித் தூக்கினான். அது கனக்கவில்லை என்று கைக்குத் தெரிந்தது. ரயில் வாணியம்பாடி விட்டுவிட்டது என்று மணி அடித்தார்கள்.

"நெஜமாவே ரங்கூன் போறீங்களா சார்?" என்று கேட்டான்.

இல்லை என்றால் இவனுக்கு வேலூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு கடன் இருக்கும். அதைத் தூக்கிச் சுமக்கவைக்க ஆதிகேசவனுக்கு இஷ்டமில்லை.

"நெஜமாத்தான்" என்றார்.

தேவானந்தத்தின் முகம் லேசாகிப்போனதை அவர் பார்த்தார். அதை மறைக்க அவன் கஷ்டப்பட்டதையும் பார்த்தார். ரயில் வந்ததும் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி எனக்கு யாரும் செஞ்சதில்ல" என்றான். அது பொய்யில்லை. வண்டி நகர்ந்தபிறகும் அவன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். மதராஸ் போகிற வண்டிதான். ஆதிகேசவன் காட்பாடியில் இறங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கட்டுச்சோற்று மூட்டையை அப்படியே அச்சுக்கூடத்துக்கு எடுத்துவந்தார். மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்ததும் பிரித்துவைத்தார். ஹமீத் பாய் ஒரு கவளம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார்.

"யார் வீட்டுச் சோறு இது ஆதி?"

"தோஸ்த் வீட்டுச் சோறு பாய்."

"உனக்கு ஏதுய்யா தோஸ்த்?"

"இருந்தான் பாய், ஆம்பூர்ல" என்றார் ஆதிகேசவன். "நேத்து ரங்கூன் போய்ட்டான்."

ஆரோக்கியசாமி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். ஹமீத் பாய், அடப் பாவமே, போனா வரமாட்டாங்களே என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கவளம் எடுத்தார். ஆமாம், வரமாட்டான் என்று சொல்லிவிட்டு ஆதிகேசவன் தன் பங்கைச் சாயங்காலத்துக்கென்று இலையில் ஓரமாக ஒதுக்கிவைத்தார்.